வெறும் மணல்

எனக்குக் கோபம் முன்னால் வரும், புத்தி பின்னால் வரும். தென்காசியில் பத்திரம் பதிகிற ஆபீசுக்கு எதிரே முப்பத்தைந்து வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். அந்தத் தெருவில் என்னிடம் ஏச்சு வாங்காத ஆள் குறைவு. கிழக்கே இன்னாருடைய வயல், மேற்கே வாய்க்கால், வடக்கே வண்டிப்பாதை என்று எழுதி எழுதி, எந்த இடத்துக்குப் போனாலும் அதன் எல்லை எங்கே என்றுதான் கண் முதலில் தேடும். ஒரு கயிற்றை அப்படி எல்லை என்று நினைத்து நான் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். கேட்கிறவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என் மனைவிக்குக் கண்ணில் அழுத்தம். அது தெரியவந்தபோதே ஓரப் பார்வை போயிருந்தது. பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவாள், நானும் ‘பாத்து வைக்கக் கூடாதா’ என்று கத்துவேன். பிறகுதான் டாக்டர் சொன்னார், போனது திரும்பாது, மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்து விட்டு முடிந்தவரை காப்பாற்றலாம் என்று. வேளை தவறாமல் மருந்து விட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் கண்ணை மூடியிருப்பாள். கண்ணைத் திறந்ததும் செல்போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கடலுக்கு அடியில் மீன் நீந்துகிற வீடியோ பார்ப்பாள். கோயில், கோலம், சமையல் எல்லாம் இருக்க, இவளுக்கு ஏன் மீன்மேல் இத்தனை ஆசை என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

அமெரிக்காவில் இருக்கிற எங்கள் மகள்தான் கேட்டாள். “அம்மா, கண்ணு நல்லா இருக்கும்போதே எதையாவது பாக்கணும்னு இருக்கா? சொல்லு, நான் காட்டுதேன்.” இவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “மீனு பாக்கணும்ட்டி. தண்ணிக்குள்ள, அது இருக்க எடத்துலயே” என்றாள்.

அப்படித்தான் நாங்கள் கரீபியன் கடலில் கப்பல் ஏறினோம். மகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்திருந்தாள். கப்பல் ஒரு தீவில் காலையில் நிற்கும், சாயங்காலம் கிளம்பும். அந்தத் தீவில் படகு ஏறாமல் கரையிலிருந்தே இறங்கி நடந்தால் கழுத்தளவு தண்ணீரிலேயே மீன் பார்க்கலாம். முகத்தை மூடுகிற கண்ணாடியும், வாயில் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற குழாயும் போட்டுக்கொண்டு குப்புற மிதக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மாவின் பவருக்கு ஏற்ற மாஸ்க்கைத் தனியாக வரவழைத்திருந்தாள். கண் டாக்டரிடமும் கேட்டுவைத்திருந்தாள். பத்து நிமிஷம் என்றால் பரவாயில்லை என்று அவர் சொன்னாராம்.

கப்பலைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. தென்காசிப் பஸ் ஸ்டாண்டைவிடப் பெரிது, கூட்டம் அதைவிட அதிகம். நான் தயிர்சாதம் கேட்டு அலைந்துகொண்டிருந்தேன். இவள் கொண்டுபோன மிளகாய்ப்பொடி பாட்டிலை மேஜையில் எடுத்து வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. தீவு வருவதற்கு முந்தின நாள் எங்கள் அறையில் மாஸ்க்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“என்னங்க, எனக்குத் தண்ணின்னா பயம். நீங்க கையப் பிடிச்சுக்கிட்டா எறங்குதேன்.”

“பிடிக்கேன்.”

“நெசமாத்தான?”

“பிடிக்கேம்னு சொன்னேம்லா. எத்தன தடவ சொல்லணும்?”

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்குத் தண்ணீர் என்றால் குற்றாலம். சாரல் விழ ஆரம்பித்தால் வாரம் ஒரு தடவையாவது போய்விடுவோம். அருவியில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. நடுவில் கம்பி. கல்யாணமான வருஷத்திலிருந்து நாங்கள் சேர்ந்துதான் போவோம், அருவிக்கு முன்னால் பிரிவோம், குளித்து முடித்துச் சிப்ஸ் கடை முன்னால் சந்திப்போம். அவள் தலையில் அருவி விழுவதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிற ஆணுக்கு எங்கள் ஊரில் என்ன மரியாதை கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். நானே இரண்டு பேரைச் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கிறேன்.

அந்தத் தீவின் கடற்கரையில் கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளமாக ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கயிறு நெடுக ஆரஞ்சு நிறத்தில் உருண்டை மிதவைகள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பாறைகளும் மீனும். அந்த நேரம் பார்த்து அங்கே ஏழெட்டுப் பெண்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாலைந்து ஆண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். போதாதா எனக்கு? கால் நின்றுவிட்டது. உள்ளூர்ப் படகு எதுவும் உள்ளே வராமல் இருக்கத்தான் அந்தக் கயிறு என்று மகள் பிறகு சொன்னாள். அங்கே ஆண் பெண் எல்லாரும் கலந்துதான் இறங்குவார்கள் என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

“நீ இங்கன எறங்கு. நான் அந்தப் பக்கமா எறங்குதேன்” என்றேன்.

“கையப் பிடிக்கேம்னீகளே?”

“பொம்பளைக குளிக்க எடத்துல நான் எப்படிட்டி வருவேன்? மக இருக்காள்லா.”

மகள் கரையில் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தாள். நான் விறுவிறுவென்று நடந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால், கறுப்பு நிறத்தில் முழுக்கை நீச்சல் உடுப்பு போட்டுக்கொண்டு, முகத்தில் மாஸ்க்கோடு இவள் தனியாக முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். என்னைத் தேடுகிறாள். ஓரப் பார்வை இல்லாததால் தலையை முழுசாகத் திருப்பித் திருப்பித் தேடினாள். நான் கை காட்டினேன். அவளுக்குத் தெரியவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே ஓர் ஆள் இருந்தார். என் வயதுக்குக் கொஞ்சம் குறைவு, நல்ல உயரம். அவர் இவளிடம் வந்து ஏதோ சொல்லி, அவள் கையைப் பிடித்து மெல்ல உள்ளே கூட்டிப்போனார். நெஞ்சளவு தண்ணீர் வந்ததும் ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அவள் வயிற்றுக்கு அடியில் கொடுத்துக் குப்புற மிதக்க வைக்கப் பார்த்தார். இவள் பயத்தில் கால் உதறினாள். பிறகு மெல்ல உடம்பைத் தளர்த்தி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. “ஏட்டி! வெளிய வா!” என்று கத்தினேன். பத்திர ஆபீஸ் வாசலில் கத்திப் பழகிய குரல். கரையில் கிடந்தவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். “அவன் கைய விடு! வெளிய வான்னு சொல்லுதேன்!”

அவள் திடுக்கிட்டு எழுந்து நின்றாள். மாஸ்க்கைக் கழற்றினாள். அந்த மனிதர் என்ன ஆச்சு என்று கேட்டிருக்க வேண்டும். “நோ ப்ராப்ளம். போதும், தேங்க்யூ” என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் அந்த மனிதரின் கையைப் பிடிக்காமல், கால் தடுக்கித் தடுக்கித் தானாகவே கரையேறினாள்.

மகள் என்னை வைத்து வாங்கிவிட்டாள். “அவரு வேலையே அதுதாம்ப்பா! இதுக்காகத்தான நாம இம்புட்டுத் தூரம் வந்தோம்!” அம்மாவிடம் மறுபடி போகச் சொல்லிக் கெஞ்சினாள். இவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “எனக்குப் போதும்ட்டி. நொரதான் தெரிஞ்சுது. குளிருது வேற.” வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

“அப்பம் நீங்க போங்க. ஒரு ஆளாவது பாத்துட்டு வாங்க” என்றாள் மகள். கோபத்தில்தான் சொன்னாள். நானும் வீம்புக்குத்தான் கிளம்பினேன். எவன் கையும் பிடிக்காமல் இறங்கிக் காட்டுகிறேன் என்ற நினைப்பு. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிற ஆள் நான். வாடகை மாஸ்க் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவளுடைய பவர் மாஸ்க் அவள் மடியில் கிடந்தது.

நாலடி போவதற்குள் பாறையில் கால் வழுக்கிக் குடம் தண்ணீர் குடித்துவிட்டேன். என்னைத் தூக்கி நிறுத்தியது அந்த மனிதர்தான். நான் கத்தியதை அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. என் கையையும் அப்படியே பிடித்தார், என் வயிற்றுக்கு அடியிலும் அப்படியே கை கொடுத்தார். நான் அந்தக் கையைப் பிள்ளை அம்மாவைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன்.

பார்த்தேன். அவள் போனில் பார்ப்பாளே, அதெல்லாம் அங்கே இருந்தது. எத்தனை மீன், எத்தனை நிறம்! குழாய்க்குள்ளேயே வாய்விட்டுச் சிரித்து உப்புத் தண்ணீரை விழுங்கினேன். பக்கத்தில் வந்தன, என்னைக் கண்டு ஒதுங்கவில்லை. கரையில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. நினைவு வந்ததும் தலையைத் தூக்கிவிட்டேன். அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

கரையேறினேன். மகள் சாமானைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தாள். இவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க இருந்துச்சு?”

“ஒண்ணுமில்ல. வெறும் மணலு” என்றேன். “சும்மா ஊர ஏமாத்துதானுவ.”

ஏன் அப்படிச் சொன்னேன்? இருந்தது என்று சொன்னால் நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று ஆகிவிடும். இல்லை என்று சொன்னால் அவளுக்கு இழப்பு இல்லை. அந்த நேரத்தில் அது அன்புபோலக்கூட எனக்குத் தோன்றியது. அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அப்படியா” என்று துண்டை மடிக்க ஆரம்பித்தாள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஊர் திரும்பிய மறுவருஷம் அவளுக்கு இடது கண் போயிற்று. வலது கண்ணில் இப்போது வெளிச்சம் எது இருட்டு எது என்று மட்டும் தெரியும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்ற பழமொழியை நான் வாய்க்கு வாய் சொல்கிறவன். இப்போது எங்கள் வீட்டில் அதைச் சொல்வதில்லை.

அவள் கப்பலில் போன கதையை யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கடையநல்லூரிலிருந்து துணி கொண்டுவருகிற அம்மாகூடப் போன மாதம் கேட்டார். “மீனெல்லாம் பாத்தீகளா?” இவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். “அங்கன ஒண்ணுமில்ல, வெறும் மணலுதான். இவுகளே எறங்கிப் பாத்துட்டு வந்தாகள்லா.” நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் எதையாவது சாக்கிட்டு எழுந்துபோவேன்.

இந்தச் சாரலுக்குக் குற்றாலம் போக வேண்டும் என்றாள். போனோம். பெண்கள் பக்கம் நான் வர முடியாதே என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். சிவகிரியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். “வாங்க அக்கா” என்று அவள் இவளுடைய கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். ரொம்ப நேரம் கழித்து, சேலை சொட்டச் சொட்ட, முகமெல்லாம் சிரிப்பாக இவள் அதே கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். முன்பின் தெரியாத ஒருத்தி கை பிடித்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்த மனிதரின் கையில் மட்டும் அன்றைக்கு என்ன கண்டேனோ.

ஆட்டோவில் திரும்பும்போது என்னால் அடக்க முடியவில்லை.

“ஏட்டி, அன்னைக்கு வெறும் மணலுன்னு சொன்னேம்லா. அது பொய்யி.”

“தெரியும்” என்றாள்.

“மக சொன்னாளா?”

“அவ எதுக்குச் சொல்லுதா? நீங்க தண்ணிக்குள்ளேருந்து எந்திரிச்சு வந்தீகள்லா, அப்பம் ஒங்க மொகத்தப் பாத்தேன். அன்னைக்கு எனக்குக் கண்ணு தெரிஞ்சுதே.”

“பெறகு ஏன் கேக்கல?”

“நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்.” ஈரத் தலையை முடிந்துகொண்டே என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். “சரி, போட்டும். இப்பச் சொல்லுங்க. என்னெல்லாம் இருந்துச்சு?”

சொல்ல வாயெடுத்தேன். மஞ்சளாக ஒன்று. அதற்குக் கோடு இருந்ததா? நீலமாக ஒன்று வந்தது, அது எவ்வளவு பெரிது? தனியாகவா, கூட்டமாகவா? இரண்டு வருஷமாக மணல், மணல் என்று சொல்லிச் சொல்லி நானே அதை நம்பியதுபோல் ஆகியிருந்தது. பார்த்தது முழுக்க எனக்கு மறந்துபோயிருந்தது.

“மஞ்சளா ஒண்ணு இருந்துச்சு” என்றேன்.

“ம்” என்று சொல்லிவிட்டு அவள் மீதியைக் கேட்கக் காத்திருந்தாள்.