நடைச் சுவரில் ஒரு கை

ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் தோல் செக்கிங்கில் இருந்தவள் நான். தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மாட்டை எங்கே முள் கீறியது, எங்கே உண்ணி கடித்தது எல்லாம் தெரிந்துவிடும். என் கண்ணுக்குத் தப்பி ஒரு தோல் போனதில்லை என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்வேன். அந்தக் கண்தான் எங்கள் வீட்டுச் சுவரில் அந்தக் கையைப் பார்த்தது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மாசி மாதம் என் வீட்டுக்காரர் பாத்ரூமுக்குப் போகும் நடையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் கறாராகச் சொன்னாள்: "இன்னொரு தபா வுழுந்தாருன்னா ரொம்பக் கஷ்டம்மா. அவரு நடக்க ஆரம்பிக்கறதுக்குள்ள வீட்ட சரி பண்ணிடுங்க."

அன்றிலிருந்து எனக்கு வெறியே பிடித்துவிட்டது. கால்மிதிகளை வாரித் தெருவில் போட்டேன். பாத்ரூமில் வழவழப்பு டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பாகப் போடவைத்தேன். நடையில் பெரிய பல்ப் மாட்டினேன். இடையிடையே, "கூப்டாம ஏன்யா எழுந்தே?" என்று அவரைத் திட்டுவேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

சித்திரையில் ஒரு மத்தியானம், பின்கதவு வழியாக வெயில் சுவரில் சாய்வாக விழுந்தது. பொங்கலுக்குப் பெயின்ட் அடித்த வெள்ளைச் சுவர். அதில் ஐந்து விரலும் விரிந்த ஒரு இடது கையின் கறை. இரண்டடி தள்ளி இன்னொன்று. பாத்ரூம் கதவு வரைக்கும் வரிசையாகப் போயிருந்தது. கிட்டே போய் முகர்ந்தேன். அவர் காலுக்கு நான் தினமும் தேய்க்கிற தைலத்தின் வாசனை.

"எனக்குத் தெரியாம நடக்கறியா?" என்று அவரிடம் போய்க் கத்தினேன்.

"பொரண்டு படுக்கறதுக்கே உன்னக் கூப்புடறேன். நான் எங்க நடக்கறது?"

நான் நம்பவில்லை. சோப்புத் தண்ணீர் விட்டுச் சுவரைத் துடைத்தேன். மறுநாள் தைலம் தேய்த்து முடித்ததும் அவர் தூங்கிப்போனார். அவர் அறைவாசலில் குறுக்கே பவுடரைத் தூவினேன். பாத்ரூமில் கை கழுவிவிட்டு ஹாலில் வந்து படுத்தேன். சாயங்காலம் பார்த்தால் பவுடர் கொஞ்சமும் கலையவில்லை. சுவரில் மட்டும் அதே இடங்களில் அந்தக் கை.

என் மாமியாரும் அந்த பாத்ரூமில் வழுக்கி விழுந்து, படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தவர். சிரித்தால் சிரியுங்கள், நான் சுவரைப் பார்த்துக் கும்பிட்டேன். "அத்த, உன் புள்ளைய எனக்கு உட்டுடு. இட்டுக்கினு போயிடாத." அதற்கப்புறம் அதைத் துடைக்கத் தைரியம் வரவில்லை. நடையில் தலையைக் குனிந்துகொண்டே போய் வந்தேன்.

அந்த வாரமே கைப்பிடிக் கம்பி பொருத்த பிளம்பர் வந்தார். "ஒருவாட்டி நடந்து காட்டுங்கம்மா. புடிப்பு எங்க வேணும்னு பாத்துக்கறேன்" என்றார். வீட்டுக்காரருக்கு உடம்பு துடைக்கிற தண்ணீர் பக்கெட்டை வலது கையில் எடுத்துக்கொண்டு எப்போதும்போல நடந்தேன்.

"போதும்மா, அங்கியே நில்லுங்க. கை வெச்சி வெச்சி கறையே ஆயிட்ச்சி பாருங்க."

பார்த்தேன். என் இடது கை சுவரில் இருந்தது. அந்தக் கையின் மேலேயே இருந்தது. ஒரு விரல்கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. ஐயோ, அதை நான் எப்போது தூக்கி வைத்தேன்? எடுக்கலாம் என்று பார்த்தால், எடுக்கப் பயமாக இருந்தது.

பக்கெட்டை வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் போனேன். "நான் செவுத்தப் புடிச்சிக்கினு நடக்கறது உனக்குத் தெரியுமா?"

"ஒரு வருஷமாத் தெரியும்."

"சொல்றதுக்கு இன்னாய்யா கேடு?"

"சொன்னா ஒத்துக்குவியா நீ?" மறுபடியும் ஃபேனைப் பார்த்தார். "ஏன் எழுந்தே, ஏன் எழுந்தேன்னு கேட்டுக்கினே இருக்கியே. அன்னிக்கி பாத்ரூம்ல பக்கெட் உருண்டுது. ரெண்டு தபா உன்னக் கூப்ட்டேன். நீ பதிலே குடுக்கல."

அன்று எனக்கு வழுக்கியது நிஜம். குழாயைப் பிடித்துக்கொண்டு தப்பித்தேன். அவர் கூப்பிட்டது காதில் விழுந்தது. வழுக்கிவிட்டது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடி நின்றேன். அடுத்த நிமிஷம் நடையில் அவர் விழுந்த சத்தம் கேட்டது.

"ஐயா ஒசரத்துக்கே போட்டுடட்டுமாம்மா?" என்று நடையிலிருந்து பிளம்பர் குரல் கொடுத்தார்.

"ரெண்டு போடுப்பா" என்றேன். "மேல ஒண்ணு அவருக்கு."

இன்னொன்று யாருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் அவர் போர்வையை இழுத்துவிட்டேன். கட்டிலில் கிடந்தபடியே அவர்தான் சொன்னார்.