காப்புக் கையோடு எல்லை தாண்டிய அண்ணா

எங்கள் அண்ணா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவுகளே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்த வீட்டிலேயே என் காதுபட ஒரு பேச்சு எழுந்தது. "காப்போட கோயில விட்டுப் போனவன். அம்மாள் சும்மா விடுவாவோ?" அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. அண்ணாவின் வாழ்க்கையை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். வாசித்துவிட்டுப் பேசுங்கள்.

மண்டூருக்கு அப்பால், வாவிக்கரையில் உள்ள எங்கள் தாய்வழி ஊரில் அண்ணா தலைப்பிள்ளையாகப் பிறந்தார். கணிதத்தில் அவரை மடக்க ஆளில்லை. கடல் ஊருக்குள் வந்த அன்று, கரையோர உறவினர் வீட்டுக்குப் போயிருந்த அம்மாவும் அப்பாவும் திரும்பவில்லை. அப்போது அண்ணா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார். நான் பால்பல் விழாத சிறுமி. என்னைப் பிள்ளைகள் இல்லத்தில் சேர்க்கலாம் என்று பெரியவர்கள் பேசியபோது, "தங்கச்சிய ஒரு இடமும் விடமாட்டன். நான் பாக்கிறன்" என்றார். புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டு வயல் வட்டைக்குள் கூலிக்கு இறங்கினார்.

நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் தீ மிதிப்பதாக ஊர்க் காளியம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். தெரிவானேன். அந்த ஆண்டுக் கோயில் சடங்கில் அண்ணா காப்புக் கட்டினார். காப்புக் கட்டியவர்கள் தீ மிதித்து முடியும்வரை கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தாய் தகப்பனை இழந்த மாணவருக்கு உதவும் நிறுவனமொன்று என்னை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தது. சடங்கு முடிந்த பிறகுதான் தேர்வு என்றார்கள். அதை நம்பித்தான் அண்ணா காப்புக் கட்டினார். கட்டிய மறுநாள் தொலைபேசி வந்தது. தேர்வை முன்னுக்கு எடுத்துவிட்டார்களாம், விடிந்தால் வர வேண்டுமாம். பாதுகாவலர் நேரில் வந்து ஒப்பமிடாவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அந்த உதவி இல்லாமல் பல்கலைக்கழகப் படிப்பை நான் நினைத்தும் பார்க்க முடியாது.

விடிகாலையில் கோயிலுக்கு ஓடினேன். வேப்பிலை கட்டிய எல்லைக் கயிற்றுக்கு உள்ளே அண்ணாவும் மாமாவும் நின்றார்கள். மாமா அம்மாவின் தம்பி. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரும் அவர்தான்.

"ஒப்பம் வெச்சிட்டு ஓடி வாறன் மாமா. இவள்ற படிப்பு" என்றார் அண்ணா.

"காப்போட எல்லை தாண்டினா ஊருக்கே ஆகாது. போறதெண்டா போ. மறுகா தீக்குழிக்கிட்ட வரப்படாது. இண்டைக்கு மட்டுமில்ல, எண்டைக்கும்."

"அப்ப காப்ப அறுத்துப்போட்டுப் போகட்டோ?"

"அறுக்கவும் ஏலா."

உடுக்குச் சத்தம் நின்றுவிட்டது. கூட்டம் முழுக்க எங்களையே பார்த்தது. "வேணாம் அண்ணா. நான் போகல்ல, நீங்க இருங்க" என்று அழுதேன்.

அண்ணா கருவறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே வந்தார்.

"நட புள்ள. பாதை வெளிக்கிட்டிரும்."

வாவியைக் கடக்கும் அந்தப் பாதைப் படகில் ஊர்க்காரர் ஒருவரும் எங்களுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக வந்து நின்றவரைப் பார்த்து அலுவலர் திகைத்தார். "இதென்ன கோலம் தம்பி?" என்று கேட்டார். "விரதம் ஐயா. எங்க ஒப்பம் வெக்கிற?" என்றார் அண்ணா. காப்புக் கட்டிய கைதான் ஒப்பமிட்டது. அந்த ஒப்பத்தால்தான் நான் படித்தேன், இன்று கணித ஆசிரியையாக நிற்கிறேன்.

அண்ணாவை அதன்பின் தீ மிதிக்க விடவில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் தீக்குழிக்கு விறகு வெட்டிக் கொடுத்தார். விறகை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டீர்கள். எனக்கு ஆத்திரம் வரும். அண்ணா ஒருநாளும் கோபித்ததில்லை.

சென்ற ஆண்டு வயலில் நின்றவருக்குக் காய்ச்சல் கண்டது. பனடோலைப் போட்டுக்கொண்டு அறுவடையை முடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைப் பிடித்திருந்தது. பிந்திவிட்டது என்றார் வைத்தியர். அண்ணாவைக் கொண்டுபோனது இதுதான், வேறொன்றுமில்லை. ஆனால் ஊர்ப் பேச்சு எனக்குள்ளும் புகுந்திருந்தது. கட்டிலருகே குனிந்து, "அண்ணா, அண்டைக்கு எல்லை தாண்டினதாலயோ?" என்று கேட்டேன்.

மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். "நான் எங்க போனனெண்டு அம்மாளுக்குத் தெரியாதா புள்ள?"

அண்ணாவைக் காப்பாற்றப் போராடிய வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், அழைத்தவுடன் வாகனத்தோடு ஓடிவந்த காத்தான்குடி நெல் வியாபாரி நானாவுக்கும், சோறு சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கொள்ளி வைக்கப் பிள்ளையில்லாத அண்ணாவுக்குத் தாமே முன்வந்து கொள்ளி வைத்த மாமாவுக்கும் நன்றி. அன்று நீங்கள் அழுததைக் கண்டேன் மாமா.

இன்றைய திவசத்தோடு எனக்குச் சாவுத் துடக்கு நீங்குகிறது. அண்ணாவின் நேர்த்தி இன்னும் பாக்கியாகவே கிடக்கிறது. வருகிற சடங்கில் அதைத் தீர்க்க நான் காப்புக் கட்ட வருவேன். மறிப்பதென்றால் வேறு யாரையும் அனுப்பாமல் நீங்களே வந்து மறியுங்கள், மாமா.

தங்கை