எல்லா ஏழைக்கும் ஒரே சொம்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே, சேக் முகைதீனின் மேஜையில் ஒருவர் சட்டப்படி ஏழையாவதற்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். கரண்ட் போனால் தாமதமாகும். அதுவரை அவர் சும்மா ஏழையாகவே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முப்பத்து நாலு வருஷமாக ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து டைப் அடிக்கிறார். முதலில் மெஷின், இப்போது கம்ப்யூட்டர். வழக்குப் போட வேண்டும், கோர்ட்டுக் கட்டணம் கட்ட வக்கில்லை என்று வருகிறவர்கள், அந்த வக்கில்லாமையை இங்கிலீஷில் ஒரு மனுவாகப் போட வேண்டும். கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம்: என்னிடம் இன்னின்ன இருக்கிறது, இன்ன மதிப்பு பெறும். அந்த மனுவுக்குப் பாயை விட்டால் ஆளில்லை.

வேலை ஓய்ந்த நேரத்தில் பாய் அகராதி படிப்பார். காலமாகிப்போன ஒரு வக்கீலின் அலமாரியிலிருந்து வந்த தடித்த இங்கிலீஷ் புத்தகம். ஒவ்வொரு சொல்லுக்கும் பூர்வீகம் சொல்லும். தன் தொழிலுக்கான சொற்களை மட்டும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். 'பாப்பர்' என்றால் லத்தீனில் வெறும் ஏழை. இங்கிலாந்துக் கோர்ட்டில் அது கட்டணமில்லாமல் உள்ளே விடும் சலுகைச் சீட்டானது. பிறகு ஊர்ச் செலவில் கஞ்சி குடிப்பவனைத் திட்டும் வசவானது. எழுபத்தாறில் நம் சட்டத்தைத் திருத்தியவர்களுக்கு அந்தச் சொல் மரியாதைக் குறைவாகப் பட்டது. தூக்கிவிட்டு 'இண்டிஜெண்ட்', அதாவது வறியவர், என்று வைத்தார்கள். மரியாதை கூடியதே தவிர, மனுப் போட வந்தவர்கள் பழைய செருப்பிலேயே வந்தார்கள். கோர்ட் வாசலில் இன்றுவரை அது பாப்பர் மனுதான்.

'டெஸ்டிட்யூட்' என்றால் முதலில் கைவிடப்பட்டவன். அப்படியென்றால் கைவிட்டவன் ஒருத்தனும் இருந்தாக வேண்டும். இப்போது ஒன்றுமில்லாதவன் என்று மட்டும்தான் அர்த்தம். கைவிட்டவன் நைசாகச் சொல்லைவிட்டு வெளியேறிவிட்டான். 'வாண்ட்' என்பது ஒரு காலத்தில் இல்லாமை. இன்றைக்கு ஆசை.

"பாத்தியளா அண்ணாச்சி," என்பார் பாய் டீக்கடையில், "இல்லைன்னு ஒருத்தன் வந்து நின்னா, ஆசைப்பட்டு நிக்கான்னு மாத்திப்புட்டானுவ."

சொற்களின் பூர்வீகம் இவ்வளவு தெரிந்த மனுஷனுக்கு, மனுப் போடுகிறவர்களின் வீடு ஒன்றுகூடத் தெரியாது. வேலைக்கு வந்த வருஷம் கான்சாபுரத்துக்காரர் ஒருவருக்காக ஒரு சொத்து விவரம் அடித்தார். பித்தளைச் சொம்பு ஒன்று, அலுமினியப் பானை இரண்டு, கோரைப்பாய் ஒன்று, அரிக்கேன் விளக்கு ஒன்று, மரக்கட்டில் ஒன்று, அதில் ஒரு கால் பழுது. அத்தனையும் அந்த ஆள் வீட்டில் உண்மையாகவே இருந்தவை. கோர்ட் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதை எதற்கு மாற்றுவானேன்? அன்றிலிருந்து வத்திராயிருப்பு முதல் தேவதானம் வரை ஏழைகள் எல்லோரும் அதே சொம்பில்தான் தண்ணீர் குடித்தார்கள். எல்லோர் கட்டிலிலும் ஒரே கால்தான் பழுது. பேரையும் ஊரையும் மாற்றினால் தீர்ந்தது.

போன ஆவணியில் தேவதானத்து வெள்ளைத்தாயை வக்கீல் வேங்கடேசன் கூட்டிவந்தார். ஐம்பத்திரண்டு வயது. புருஷன் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் கழிவுப் பஞ்சு பிரிக்கிற வேலை. அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பில் பாதி அவளுக்குச் சேர வேண்டியது. தம்பி தங்கச்சாமி முழுத் தோப்பையும் வேலி போட்டு வைத்துக்கொண்டான். பங்கு கேட்டு வழக்குப் போட வேண்டும். கட்டணம் கட்ட முடியாது. மனு ஏற்கப்பட்டால்தான் வழக்கு, வழக்கு நடந்தால்தான் தோப்பு.

"ஒங்கிட்ட என்னென்னம்மா இருக்கு?" என்றார் பாய், கேட்க வேண்டுமே என்று.

"என்ன பாய் இருக்கு? ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு போட்டா ஜட்ஜு நம்ப மாட்டாரு தாயி. ஏழைன்னா கொஞ்சமாச்சும் இருக்கணும்."

வேங்கடேசன் சிரித்தார். பிரிண்டர் ஐந்து பக்கம் துப்பியது. இன்னாருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி விளக்கப்பட்டது என்ற இங்கிலீஷ் வரிக்குக் கீழே வெள்ளைத்தாய் கைநாட்டு வைத்தாள்.

"ஜட்ஜு கேட்டா, வாசிச்சுக் காட்டினாகன்னு சொல்லணும். மறந்துராத," என்றார் பாய். எல்லோருக்கும் சொல்வதுதான்.

விசாரணை தை மாசம் வந்தது. வேறொரு வக்கீலின் கேஸ் கட்டைக் கொடுக்கப் போன பாய், கோர்ட் ஹால் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். தங்கச்சாமிக்காக ஆஜரானது வக்கீல் ஜனனி. சின்ன வயசு, பெரிய ஞாபகம். போன வருஷம் தன் கட்சிக்காரர் ஒருவருக்கு இதே பாயிடம்தான் பாப்பர் மனு அடித்துப் போயிருந்தாள்.

"வீட்டுல மிக்ஸி இருக்காம்மா?"

"இருக்கு. கவர்மெண்டு குடுத்தது."

"கிரைண்டர்?"

"இருக்கு. ஓடாது."

"மின்விசிறி?"

"அதுவும் அவிய குடுத்ததுதான்."

"மனுவுல இது எதுவும் இல்லையே. அரிக்கேன் விளக்குன்னு போட்டிருக்கீங்க. எங்க இருக்கு அது?"

வெள்ளைத்தாய் விழித்தாள். "அரிக்கேன் விளக்கா? எங்க தாத்தா காலத்துல இருந்திருக்கும்."

ஹாலில் சிரிப்பு. ஜட்ஜும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"பித்தளைச் சொம்பு?"

"பித்தளைக்கு நான் எங்க போக? பிளாஸ்டிக் மக்குலதான்ம்மா தண்ணி குடிக்கேன்."

இதுவரைக்கும்கூடத் தப்பித்திருக்கலாம். சொல்லப்போனால், தாளில் இருந்ததைவிட வெள்ளைத்தாய் இன்னும் ஏழை என்றுதான் நிரூபணமாகிக்கொண்டிருந்தது. ஜட்ஜே குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"பயப்படாமச் சொல்லுங்கம்மா. இந்த விவரத்த ஒங்களுக்கு வாசிச்சுக் காட்டினாங்களா, இல்லையா?"

வெள்ளைத்தாயின் கண் வாசலில் நின்ற பாயைத் தேடிப் பிடித்தது. இல்லை என்று ஒரு சொல் போதும். பழி டைப் அடித்தவன் தலையில் விழும். மனுவைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று ஒரு வாய்தா கிடைக்கும். பாய்க்கு அது தெரியும். தலையை இப்படி ஒரு முறை, அப்படி ஒரு முறை ஆட்டினால் போதும் என்பதும் தெரியும். கழுத்து அசையவில்லை. முப்பத்து நாலு வருஷப் பிழைப்பு கழுத்தில் உட்கார்ந்திருந்தது.

"வாசிச்சுக் காட்டினாகய்யா," என்றாள் வெள்ளைத்தாய். "எல்லாத்தையும் வாசிச்சாக."

அகராதியில் பாய் கோடு போட்ட சொற்களில் 'நாட்டி' ஒன்று. எல்.கே.ஜி. பிள்ளையின் டைரியில் மிஸ் எழுதியனுப்புகிற சொல். ஆதியில் அதற்குக் கையில் ஒன்றுமில்லாதவன் என்று அர்த்தம். அப்புறம் கெட்டவன் என்று ஆனது. ஒன்றுமில்லாதவன் கெட்டவனாவதற்கு இங்கிலீஷ்காரனுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பிடித்தது. தேவதானத்துப் பொம்பளைக்கு ஒரு குறுக்கு விசாரணை போதுமாக இருந்தது. எல்லாவற்றையும் வாசிக்கக் கேட்டிருப்பதால் சொத்து விவரம் தெரிந்தே உண்மைக்கு மாறாகத் தரப்பட்டது, மனு தள்ளுபடி, கட்டணம் கட்ட ஒரு மாத அவகாசம்.

வெளியே புங்க மரத்தடியில் தங்கச்சாமி நின்றிருந்தான். "யக்கா, மிக்ஸி கிரைண்டர்னு சீரும் சிறப்புமா இருக்க. ஒனக்கு எதுக்குத் தோப்பு?"

"ஒன் வாயில புழு வைக்கும்லே," என்றாள் அக்கா, சத்தமில்லாமல்.

பாய் வேங்கடேசனின் கையைப் பிடித்தார். "சார், நான் போயிச் சொல்லுதேன். தப்பு என் பேர்லதான், வாசிச்சுக் காட்டலன்னு."

"இப்பவா? அவ சத்தியம் பண்ணிச் சொன்னதும் பொய்னு ஆயிரும். இருக்கிறது போதாதா?"

"சரியான விவரத்தோட வேற மனு போடுவோம்."

"தள்ளுபடியான பொறவு அதே மாதிரி மனு போட முடியாது பாய். ஒமக்குத் தெரியாததா? மேல போகணும்னா மதுரை ஹைகோர்ட்டு. அதுக்கு அலைய யாரால முடியும்?"

தெரியாததில்லை. அந்தச் சட்டப்பிரிவையும் பாய் எத்தனையோ தடவை பிழையில்லாமல் டைப் அடித்திருக்கிறார்.

அன்று வீட்டில் பாதிச் சோற்றோடு தட்டை நகர்த்தினார். மனைவி ஆயிஷா பீவி என்னவென்று கேட்டாள். சொன்னார். "நீங்க எதுக்கு தலையாட்டல?" என்று கேட்டாள். பாய் கை கழுவ எழுந்தார்.

கட்டணத்துக்கு யாரைப் பார்க்கலாம் என்று ரெண்டு மூணு பேரிடம் வாய்விட்டுக் கேட்டுப் பார்த்தார். அதற்குள் மாதம் முடிந்தது. அவகாசம் தீர்ந்த நாலாம் நாள் பைக்கில் தங்கச்சாமி வந்து இறங்கினான். பின்னால் வெள்ளைத்தாய்.

"பாய், ஒரு விடுதலைப் பத்திரம் அடிக்கணும். அக்கா அவ பாத்தியதைய விட்டுக் குடுக்கா. நானும் கையில ஏதோ குடுக்கேன். பதினோரு மணிக்கு ரெஜிஸ்தர் ஆபீஸ்ல டோக்கன், சட்டுனு அடிங்க."

தங்கச்சாமி டீ வாங்கப் போன செத்த நேரத்தில் பாய் மெதுவாகச் சொன்னார்: "வேண்டாம் தாயி. பொறுத்துப் பாக்கலாம்."

"எம்புட்டு நாள் பாய்? கோர்ட்டுக்குன்னு லீவு போட்டுப் போட்டு மில்லுலயும் நிறுத்திப்புடுவாக போல இருக்கு. இவன் குடுக்கதையாச்சும் வாங்கிக்கிடுதேன்."

"அன்னைக்கு நீ வாசிக்கலன்னு சொல்லிருக்கலாமே."

"நீங்கதான மறந்துராதன்னு சொன்னிய?" அவள் குரலில் குத்தல் இல்லை. சொன்னதைச் சரியாகச் செய்த பிள்ளை மாதிரிப் பார்த்தாள்.

பாய் தமிழில் அடித்தார். நிதானமாக அடித்தார். தங்கச்சாமி டீ டம்ளரோடு வந்து, மணி பத்தே முக்கால் என்றான். பாய் கேட்டுக்கொள்ளவில்லை, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் காட்டினார்.

"போதும் பாய், அவளுக்கு எல்லாம் தெரியும்," என்றான் தங்கச்சாமி.

"நீரு சும்மா இரும்."

வெள்ளைத்தாய் காதைக் கொடுத்துக் கேட்டாள். நடுவில் ஒரு சந்தேகம் வந்தது. "இதுலயும் என்னைய இல்லாதவன்னு எழுதிருக்கா பாய்?"

"இல்ல தாயி. பாதித் தோப்புக்கு நீ சொந்தக்காரின்னு எழுதிருக்கு. இருக்கவங்களாலதான் விட்டுக் குடுக்க முடியும்."

அவள் முகத்தில் லேசாக ஒரு சந்தோஷம் ஏறியது. "நெசமாவா? எங்க இருக்கு, காட்டுங்க."

பாய் விரல் வைத்துக் காட்டினார். எழுத்துத் தெரியாத கண் அந்த வரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகப் பார்த்துக்கொண்டு போனது.

"அத மட்டும் இன்னொருக்கா வாசிங்க."

பாய் வாசித்தார். தங்கச்சாமி மை டப்பாவைத் திறந்து அக்காவின் பக்கம் நகர்த்தினான்.