சூப்பர்வைசர் தலைமையில் ஒரு சங்கம்

தொழிலாளர் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்குச் செம்பாக்கத்தில் நிம்மதி கிடையாது. ஒரே தொழில் செய்பவர்கள் சேர்ந்து வைத்த சங்கம், ஒரே ஆலைக்குள் வைத்த சங்கம், கட்சிக் கொடியோடு வந்த சங்கம் என்று எல்லா வகையையும் பார்த்தவன் நான். போன வருடம் என் வாசலுக்கு வந்தது எந்த வகையிலும் சேராதது.

பள்ளிக்கரணையில் ஓர் அலுவலகக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண்கள். ரப்பர் கையுறை கேட்டதற்காக அவர்களில் ஒருத்தியை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார்கள். சங்கம் இருக்கிறதா என்றேன். பதிவே ஆகியிருக்கிறது என்றார்கள். அப்படியானால் தலைவரை அழைத்து வாருங்கள் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவரு எப்பிடி சார் வருவாரு? இவள நிறுத்துனதே அவருதான்."

அவர்களை வேலைக்கு எடுத்த ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசரைத் தலைவராக்கி வைத்திருந்தார்கள். அவருக்கு இங்கிலீஷ் தெரியுமாம்.

"அவரே நிறுத்திவிட்டு அவரே போராடுவாரா?"

"போராடறேன்னுதான் சார் சொல்லிகினு கீறாரு" என்றாள் வேலை போனவள். அவள் சிரிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சிரிக்க முடியாது.

முதலில் அவரை நீக்குங்கள் என்றேன். பொதுக்குழுவைக் கூட்டினார்கள். நீக்கினால் மனுஷன் மனசு கஷ்டப்படும் என்று கௌரவத் தலைவராக உயர்த்திவிட்டு வந்தார்கள். வேலைநீக்கத்துக்குச் சங்கமே வேண்டாம், அவள் ஒருத்தியே மனு கொடுக்கலாம் என்றேன். அதற்கு அவர்களுக்குக் கோபம்.

"தனியாவா? அப்ப நாங்க இன்னாத்துக்கு சார் கீறோம்?"

மனு அவள் பெயரில் போயிற்று. தொழிலாளர் துறை அலுவலகத்தில் நடந்த சமரசப் பேச்சுக்கு நானும் அவளோடு போனேன். அன்று அத்தனை பேரும் வேலைக்குப் போகாமல் கூடவே வந்துவிட்டார்கள். நிர்வாகத்தின் சார்பில் வந்தவர் அதே சூப்பர்வைசர். பெண்கள் எழுந்து நின்று, வணக்கம் தலைவரே என்றார்கள். கேலியில்லை, பழக்கம். நீங்கள் எந்தப் பக்கம் என்று அதிகாரி அவரைக் கேட்டார். பதில் சொல்வதற்குள் ஒப்பந்தக்காரரிடமிருந்து போன். கழிவறை கழுவ ஆளில்லாமல் கட்டடமே நாறுகிறதாம், எதையாவது எழுதிக் கொடுத்து முடி என்று அவர் கத்தியது எங்களுக்கே கேட்டது.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள், கையுறையோடு.

அடுத்த வாரம் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஒரு ஃபிளெக்ஸ்: கௌரவத் தலைவரின் போராட்டத்துக்கு வெற்றி. சூப்பர்வைசர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். யார் வைத்தது என்று, வீட்டுக்கு வந்திருந்த அவளிடமே கேட்டேன்.

"நாங்கதான் சார். ஊரே பார்க்கப் படம் போட்டாச்சு, இனிமே எந்த மூஞ்சிய வெச்சிகினு என்னை நிறுத்துவாரு?"

அடுத்த ஃபிளெக்ஸில் என் படத்தையும் போடட்டுமா என்றாள். கதவைச் சாத்திக்கொண்டேன்.