மொட்டை போட்ட புல்வெளி

திருப்பதியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு புல்வெளி இருக்கிறது. நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் கொளுத்துகிற சித்திரையில் எங்கள் தெருவிலேயே பச்சையாக இருக்கிற தரை அது ஒன்றுதான். பெருமை பேசுகிறேனா? ஆமாம், பேசுகிறேன். எனக்கில்லாத உரிமை வேறு யாருக்கு?

பிச்சாட்டூர் ஏரிக்கரையிலிருந்து சாக்குப்பையில் கொண்டுவந்த அருகம்புல். நானே கொத்தி, நானே நட்டேன். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, செருப்பைக் கழற்றி அந்தப் புல்லில் கால் வைத்தால்தான் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரருக்கோ ஆரம்பத்திலிருந்தே டைல்ஸ் ஆசை. "கழுவி உட்டுட்டுப் போய்க்கினே இருக்கலாம்மே. புல்லுக்கு எவன் தண்ணி ஊத்திக்கினு இருப்பான்?" என்பார்.

போன கோடையில் ஒருநாள் டியூட்டி முடிந்து வருகிறேன், புல்லைக் காணோம். ஸ்ரீசிட்டி கம்பெனியில் லீவு என்று வீட்டிலிருந்த மனிதர், அடிமண் தெரிய ஒட்ட வெட்டி வைத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"இன்னாங்க இது?"

"மொட்ட அட்ச்சா முடி அடர்த்தியா வளரும்ல? நம்ம பொண்ணுக்கு மலையில மொட்ட போட்டப்ப எப்டி வந்துச்சி? அந்த மாதிரிதான்."

மலையிலிருந்து மொட்டைத் தலையோடு இறங்கி வருகிறவர்களைத் தினமும் பார்க்கிற ஊர்க்காரருக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். "மொட்டத் தலைக்குச் சந்தனம் பூசுவாங்க. இந்த வெயில்ல இதுக்கு இன்னாத்த பூசப் போறீங்க?" என்றேன்.

சீக்கிரமே புல் தேங்காய் நார் நிறத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "எண்டிப்போயிந்தி அக்கா, வதிலேயண்டி" என்றாள். காய்ந்துபோச்சு, விட்டுடுங்க என்று அவள் சொன்னதை என் வீட்டுக்காரர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். போனது போச்சு, டைல்ஸ்காரரை வரச்சொல்கிறேன் என்று போனைக் கையில் எடுத்தார். நான் குறுக்கே நின்றேன். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் பச்சை வந்தால் புல், வராவிட்டால் டைல்ஸ்.

அவர் உள்ளே போனதும் உட்கார்ந்து ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. மண்ணைக் கீறினால் தண்டு வெள்ளையாக, ஈரமாக இருந்தது. உயிர் இருக்கிறது! மயக்கத்தில் கிடக்கிற நோயாளிக்கு நாடி கிடைத்தால் எனக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அதற்குப்பிறகு நோயாளியைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன். தினமும் மேலாகத் தெளிப்பதை நிறுத்தினேன். அப்படித் தெளித்தால் வேர் மேலேயே நின்று வெயிலில் வெந்துவிடும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன், குழாயைச் சன்னமாகத் திறந்து, சலைன் இறங்குகிற மாதிரி மெதுவாக ஆழம்வரை தண்ணீர் இறக்கினேன். குழாயில் தண்ணீர் வராத நாளில் ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் அரிசி களைந்த தண்ணீரும் வாளியில் சேர்ந்தன. மேற்கு வெயிலுக்குப் பச்சை வலை கட்டினேன். யாரும் மிதிக்கக்கூடாது என்று கயிறு கட்டினேன். முளைத்து வந்ததையும் வெட்ட விடவில்லை. அதன் நிழல்தான் அதன் வேருக்குக் குடை.

பக்கத்து வீட்டு அம்மா யூரியா போடச் சொன்னாள். "காய்ச்சல்ல கிடக்கிறவனுக்கு பிரியாணி ஊட்டுவீங்களா?" என்று தெலுங்கிலேயே கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். வீட்டுக்காரர் மட்டும் கயிற்றோரமாகப் போகும்போதெல்லாம், "உம் பேஷண்ட் எப்டி இருக்கு?" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார். முதல் பச்சைத் துளிர் வந்த அன்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதிர்ஷ்டம் என்பார். எனக்கு அது பிடிக்காது.

அக்னி நட்சத்திரம் முடிகிற அன்று காலையில் டைல்ஸ்காரர் டேப்போடு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர்தான் வரச்சொல்லியிருக்கிறார். பச்சை பரவியிருந்தது வாஸ்தவம். ஆனால் மூலையில் ஒரு முறம் அளவுக்கு இன்னும் பழுப்பு. அதைக் காட்டித் தகராறு பண்ணினால்?

வீட்டுக்காரர் வெளியே வந்தார். கயிற்றை அவிழ்த்தார். வெறுங்காலோடு நடுவில் போய் நின்று, காலை எடுத்துப் பார்த்தார். தாகம் எடுத்த புல்லில் மிதித்த தடம் அப்படியே கிடக்கும் என்று நான்தான் அவரிடம் எப்போதோ சொல்லியிருந்தேன். காது கொடுத்துக் கேட்டிருக்கிறார் மனிதர். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புல் நிமிர்ந்துகொண்டது. பழுப்பு மூலையையும் பார்த்தார், பிறகு கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

டைல்ஸ்காரர் அளப்பதற்காகச் செருப்போடு புல்லில் கால் வைத்தார்.

"செருப்ப கழட்டுப்பா!" என்று போட்டார் வீட்டுக்காரர் ஒரு அதட்டல். "எங்க வூட்டம்மா காப்பாத்தி வச்ச புல்லு அது."

டைல்ஸ்காரருக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போய்ச் சொம்போடு திரும்பிய நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன், இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்று.