கடலுக்குத் தைத்த நிழல்

தெருவில் அவருக்குப் பெயர் தார்ப்பாய். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வங்கிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். கடை வாசலுக்கு மறைப்பு, லாரிக்கு மூடாக்கு, மாடிச் செடிகளுக்கு நிழல்வலை என்று வெயிலை விரட்டுகிற சமாச்சாரம் எதுவானாலும் அவருடைய தையல் மிஷினில்தான் பிறக்கும். அவர் பயப்படுகிற புகார் ஒன்றே ஒன்றுதான்: "வெயில் உள்ள வருதே!" யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் யாரும் கேட்காமலே உள்ளே இன்னொரு துணியை வைத்துத் தைத்துவிடுவார். அதற்குக் காசு வாங்க மாட்டார், பெருமை மட்டும் பட்டுக்கொள்வார்.

கடைக்குள் உட்கார்ந்தாலே அலைச் சத்தம் கேட்கும். ஆனாலும் மனிதர் கடலில் கால் நனைத்தது கிடையாது. கடலோடு அவருக்குப் பகை ஒன்றும் இல்லை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருகிற பழக்கம் இல்லை, அவ்வளவுதான். குளிக்கும்போதுகூட வாளியைக் கொஞ்சம் சந்தேகமாகவே பார்ப்பார்.

அப்படிப்பட்டவருக்குப் பிறந்த மகள் முக்குளிக்கிற வேலைக்குப் போனாள். பவளப்பாறையைக் காப்பாற்றுகிற குழு அது. பாறையிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளை எடுத்து, ஆழமில்லாத இடத்தில் இரும்பு மேசைகள் போட்டு, அதில் கட்டி வளர்ப்பார்கள். நாற்றங்கால் மாதிரி. வளர்ந்ததும் கொண்டுபோய்ப் பாறையில் நடுவார்கள்.

"கல்லுக்கு எதுக்கும்மா இத்தனை உபசாரம்?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"அது கல்லு இல்லப்பா, உசுரு. அது உடம்புக்குள்ள ஒரு பாசி குடியிருக்கு. வெளிச்சத்தை வெச்சு சமைச்சுப் போடறது அந்தப் பாசிதான். தண்ணி சூடாச்சுன்னா ரெண்டுக்கும் ஒத்துக்காது, பாசி வெளிய போயிடும். அப்புறம் பவளம் வெளுத்துப்போய்ப் பட்டினி கிடக்கும்."

"கோவிச்சுக்கிட்டு உங்கம்மா ஊருக்குப் போனா நான் கிடக்கற மாதிரி."

"அதேதான். ஆனா அதால கடையில வாங்கிச் சாப்பிட முடியாது."

அந்த வருடம் கடல் சுட்டது. பெரிய பாறை முழுக்க எலும்பு மாதிரி வெளுத்துவிட்டது. மேசையில் இருந்த துண்டுகள் மட்டும்தான் இன்னும் பழுப்பு நிறத்தோடு தாக்குப்பிடித்தன. தண்ணீரின் சூட்டை யாரும் குறைக்க முடியாது, மேலே விழுகிற வெயிலையாவது குறைக்கலாம் என்று குழு முடிவு செய்தது. மகள் கடைக்கு வந்தாள்.

"மிதவையில கட்டி மேசைக்கு மேல நிழல்வலை விரிக்கணும்ப்பா. ஒத்தைத் துணி போதும். கொஞ்சம் வெளிச்சம் உள்ள போகணும்."

மகள் முதல்முறையாக அவருடைய தொழிலைத் தேடி வந்திருக்கிறாள். ஊரில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் இரட்டைத் துணி, பெற்ற மகளுக்கு ஒத்தையா? 'கொஞ்சம் வெளிச்சம்' என்றது அவர் காதில் ஏறவே இல்லை. தையல் தெரியாதபடி உள்ளுக்குள் மடித்து, எல்லா வலைக்கும் ரெண்டு துணி போட்டு அனுப்பிவிட்டு, அன்று பாட்டெல்லாம் பாடினார்.

சில வாரம் கழித்து அவள் ஈரத் தலையோடு வந்து துணிச் சுருள்மேல் உட்கார்ந்தாள்.

"அப்பா, உள்ள ரெண்டு துணி இருக்கு."

"கண்டுபிடிச்சிட்டியா? காசெல்லாம் வேணாம்!"

அவள் சிரிக்கவில்லை. "ரொம்ப இருட்டாயிடுச்சுப்பா. பாசியால சமைக்க முடியல. சூட்டைத் தாங்கினதெல்லாம் இப்ப பசியில வெளிறுது."

மிஷின் நின்றது.

"தப்பு என்னுதுதான்," என்றாள். "விரிச்ச அன்னைக்கே வெளிச்சத்தை அளந்து பாத்திருக்கணும்."

அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருப்பார். பழியை அவள் தன் தலையில் போட்டுக்கொண்டதுதான் தாங்கவில்லை. "கழட்டி எடுத்துட்டு வா, பிரிச்சுத் தர்றேன்," என்றார்.

"மொத்தமாக் கழட்டினா மொட்டை வெயில் அடிக்கும். ஒண்ணொண்ணா அங்கேயே பிரிக்கணும். கத்தரிக்கோல் வெச்சா வலையே கிழியுது. உங்க தையல் எங்க யாருக்கும் பிடிபடலை."

"எப்படிப் பிடிபடும்?" என்றார், அந்த நிலைமையிலும் கொஞ்சம் கர்வமாக. அப்படியானால் பிரிக்கத் தானே கடலுக்குப் போக வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது.

கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுச் சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "யாரு, நீங்களா? படகுலயா? எதுக்கும் துண்டு ரெண்டா எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் காலை படகின் நடுவில் சம்மணம் போட்டு, பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"அண்ணே, கண்ணைத் திறங்க," என்றார் படகோட்டி. "இன்னும் கயிறே அவுக்கலை."

மேசைகள் இருந்த இடத்துக்குப் போவதற்குள் காலையில் சாப்பிட்டது கடலுக்குப் போய்விட்டது. மகள் தண்ணீரில் இறங்கி ஒரு வலையை அவிழ்த்துக் கொடுப்பாள். அவர் ஊசிமுனையால் தையலைத் தூக்கி, நூலை அறுத்து, உள்துணியை உருவுவார். அந்த வலை திரும்பிப் போய் மேசைக்கு மேலே விரிந்த பிறகுதான் அடுத்தது மேலே வரும். நடுநடுவே விளிம்போரம் சாய்ந்து குமட்டுவார், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊசியை எடுப்பார். படகோட்டி கேலியை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

எல்லாம் முடிந்ததும் மகள் அடியில் கண்ணாடி பதித்த பெட்டி ஒன்றைத் தண்ணீரில் வைத்து, "பாருங்கப்பா," என்றாள். அவர் குப்புறப் படுத்துப் பார்த்தார். பாதி பால் நிறம். மீதி ஆறிப்போன டீயின் நிறம்.

"அந்த மூலையில இருக்கறது?"

"போயிடுச்சு."

"அதுக்குப் பக்கத்துல, கை விரல் மாதிரி?"

"சொல்ல முடியாதுப்பா."

பிழைத்துவிடும் என்று ஒரு பேச்சுக்காவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. படகைத் திருப்பலாமா என்று படகோட்டி கேட்டபோது, "இருங்க, இப்பதானே வந்தோம்," என்றார்.

பிறகு மழை மேகங்கள் வந்தன, கடல் மெல்ல ஆறியது. ஒரு மத்தியானம் மகள் கடைக்குள் வந்து, லாரி மூடாக்கைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"பாதிக்கு மேல போயிடுச்சுப்பா."

அவர் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்த விரல் மாதிரி இருந்தது?"

"அது இருக்கு. நிறம் திரும்புது."

"சாப்பிடுதா?"

"சாப்பிடுதுப்பா."

"நீ சாப்பிட்டியா?" என்றார்.

"இன்னும் இல்ல."

அவர் மிஷினை மூடிவிட்டு எழுந்தார்.