கதையும் வரலாறும் சேர்த்துப் படித்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கத்துடன் அவருடைய தங்கை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஏழாயிரம்பண்ணையில். அம்மா பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டினார். அப்பா சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றும் லாரி ஓட்டினார்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அக்கா சாத்தூரில் மேல்நிலைப் பள்ளியில் படித்தார். நூலகத்திலிருந்து ஒரு வாரம் நாவல் எடுத்து வருவார். மறுவாரம் பாம்புகளைப் பற்றிய நூல், அதற்கடுத்து யாரோ ஒரு மாலுமியின் பயணக்கதை. "பாடத்தப் படிக்காம கண்டதையும் வாசிக்கியேத்தா" என்று அப்பா சலித்துக்கொள்வார்.

வரலாற்று ஆசிரியையும் ஒருநாள் வகுப்பில், "கதைப் புத்தகம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறார். அக்கா எழுந்து சொன்னாராம்: "பஞ்சம் எப்ப வந்துச்சு, ஏன் வந்துச்சுன்னு வரலாறு சொல்லுது டீச்சர். அன்னைக்கி ஒரு வீட்டுல அம்மா என்னத்தப் பொங்குனாங்கன்னு கதைதான் சொல்லுது." அன்றிலிருந்து அந்த ஆசிரியையே தம் வீட்டுப் புத்தகங்களைக் கொடுத்தனுப்பினார்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த சமயம் அப்பாவுக்கு விபத்தில் கால் முறிந்தது. கல்லூரிப் பேச்சு நின்றுபோனது. அக்கா மறுபேச்சில்லாமல் அம்மாவுடன் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினார். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டுதான் போனார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் சுற்றி உட்கார, உரக்க வாசிப்பார். "அந்தக் கப்பல் என்னாச்சு தாயி?" என்று மறுநாள் வேனிலேயே கேட்பார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூத்தவரான ஓர் அத்தை பேசினார்:

"அண்ணே, இவள காலேசுல சேத்து விடுங்க. எங்க கூட ஒக்கார வேண்டிய புள்ளையா இது?"

அப்பா, "அவ போயிட்டா ஒங்களுக்கு யாரு வாசிப்பா?" என்றார்.

"லீவுக்கு வந்து வாசிக்கட்டும்!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த வாரமே அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு, அக்காவைக் கல்லூரியில் சேர்க்க விருதுநகருக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனார்.

அக்கா வரலாற்று ஆசிரியை ஆனார். பல ஊர்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். நோய் முற்றிய நாட்களிலும் முகம் கோணவில்லை. கடைசி வாரத்தில், "இதுல தேனீயப் பத்தி என்ன அழகா எழுதியிருக்காக பாரு, கொஞ்சம் வாசி" என்று என்னிடம் புத்தகத்தை நீட்டினார்.

மருத்துவமனையில் அவரைத் தம் பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுக்க ஓடி வந்த அவருடைய மாணவர்களுக்கும், எங்கள் துயரில் உடனிருந்த அனைவருக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி. எனக்கு எத்தனையோ அடையாளங்கள் உண்டு. அவருடைய தங்கை என்று சொல்லிக்கொள்வதே எனக்குப் பெருமை.